ஹைப்போ என்றால் கீழே. சரி, எதற்குக் கீழே?

உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. மெடிக்கல் கோடிங் (நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் குறியீட்டு எண் போடும் வேலை) வகுப்பில் ஹைப்போவும் ஹைப்பரும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன, படிக்கும்போதும் அவசரத்தில் மாறிப்போகின்றன என்கிறீர்கள். இது ஒன்று. அல்சூரில் வீட்டுப் பக்கத்து லேபில் எடுத்த அம்மாவின் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 11.2 என்று போட்டு, பக்கத்திலேயே 'ஹை' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. டாக்டரோ ஹைப்போதைராய்டு என்கிறார். லேப் தப்பா, டாக்டர் தப்பா என்பது இன்னொன்று. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று புரிந்துவிட்டால் முதல் சிக்கலும் பாதி தீர்ந்துவிடும்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு எழுதும் வேலை, ஓகோ என்று நடந்த காலத்தில் அதற்கு வந்தவன், இப்போது கோடிங் ஆடிட் பார்க்கிறேன், போட்ட குறியீடுகள் சரியா என்று சோதிப்பது. இந்த இரண்டு முன்னொட்டுகளோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் மறக்காமல் இருக்க ஒரு வழி. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ்ச் சொல்லிலேயே அது இருக்கிறது. 'உபரி' என்கிறோமே, உபரி நிதி, உபரி நீர் என்று? தேவைக்கு மேல் மிஞ்சியது. சமஸ்கிருதத்தில் 'உபரி' என்றால் மேலே. கிரேக்க மொழியின் 'ஹைப்பர்' அதன் சொந்தக்காரன். இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. அதேபோல 'உபநதி', 'உபதலைவர்' என்பவற்றில் வரும் 'உப'வுக்குச் சொந்தக்காரன் 'ஹைப்போ'. உபதலைவர் தலைவருக்கு ஒரு படி கீழே. லத்தீனில் இந்த ஜோடியே 'சூப்பர்', 'சப்' என்று ஆனது. ஆக உபரி, ஹைப்பர், சூப்பர் ஒரு பக்கம். உப, ஹைப்போ, சப் இன்னொரு பக்கம். 'ர்' இருந்தால் மேலே, இல்லையென்றால் கீழே. தேர்வு அறையில் கை தடுமாறினால் உபரி நீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. 'கீழே' என்பதே இரண்டு விதம். இடத்தில் கீழே, அளவில் கீழே. பாடப்புத்தகங்கள் 'குறைவு' என்ற ஒன்றை மட்டும் பெரிதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவதால்தான் பலருக்குக் குழப்பம் என்பது என் எண்ணம்.

ஹைப்போதலாமஸ் என்றால் குறைந்துபோன தலாமஸ் இல்லை. மூளையில் தலாமஸுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பகுதி. ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போவது. ஹைப்போகிளாசல் நரம்பு நாக்குக்கு அடியில் போகும் 12-ஆவது மூளை நரம்பு. இதே 'நாக்குக்கு அடியில்' லத்தீனில் வந்தால் சப்லிங்குவல். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கச் சொல்லும் மாத்திரை அது. 'தோலுக்கு அடியில்' லத்தீனில் சப்கியூட்டேனியஸ். இன்சுலின் போடும் விதம். கிரேக்க வேரோடு கிரேக்க முன்னொட்டு, லத்தீன் வேரோடு லத்தீன் முன்னொட்டு என்பது பழைய பண்டிதர்களின் சட்டம். அதை எல்லோரும் மதித்தார்களா என்றால் இல்லை. ஹைப்பர்டென்ஷனில் ஹைப்பர் கிரேக்கம், டென்ஷன் லத்தீன். உலகத்தில் அதிகம் எழுதப்படும் நோய்ப் பெயர்களில் ஒன்றே கலப்புத் திருமணம்தான்.

இடத்தைக் குறிக்கும் ஹைப்போவில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் 'வலது ஹைப்போகாண்ட்ரியத்தில் வலி' என்று வரும். காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு. விலா எலும்புகளின் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள இடம் ஹைப்போகாண்ட்ரியம். வலது பக்கம் கல்லீரலும் பித்தப்பையும் இருக்கின்றன. மனச்சோர்வும் காரணமில்லாத கலக்கமும் அந்தப் பகுதி உறுப்புகளிலிருந்து கிளம்புகின்றன என்று பழங்காலத்தில் நம்பினார்கள். அதனால்தான் இல்லாத நோயை இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறவருக்கு ஹைப்போகாண்ட்ரியாக் என்ற பெயர் வந்தது. சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, 'டாக்டர் என்னை நோய்ப் பைத்தியம் என்று எழுதிவிட்டார்' என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எழுதியது இடத்தை, ஆளை இல்லை.

இனி அளவு. இங்கேதான் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட் வருகிறது. அளவில் கீழே என்றால் 'எதன் அளவு' என்று கேட்டே ஆக வேண்டும். முன்னொட்டு தனியாக எதையும் சொல்வதில்லை. தனக்குப் பின்னால் ஒட்டியிருப்பது எதுவோ அதைப் பற்றி மட்டும்தான் பேசும். ஹைப்போதைராய்டிசத்தில் ஹைப்போ ஒட்டியிருப்பது தைராய்டோடு, டி.எஸ்.எச்.சோடு அல்ல. தைராய்டு சுரப்பி தேவையைவிடக் குறைவாக வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. கட்டட வேலையில் சித்தாள் சுணங்கினால் மேஸ்திரியின் சத்தம் ஏறுமே, அதுபோல இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும். லேப் அளந்தது மேஸ்திரியின் சத்தத்தை, அதனால் 'ஹை'. டாக்டர் சொன்னது சித்தாளின் வேலையை, அதனால் 'ஹைப்போ'. பெரும்பாலான லேப்கள் டி.எஸ்.எச்.சுக்குப் போடும் இயல்பு வரம்பு ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை. ஹைப்பர்தைராய்டில் நேர் எதிர்: சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதால் டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே இறங்கிவிடும், ரிப்போர்ட்டில் 'லோ' என்று இருக்கும். லேப் போடும் ஹை, லோ குறியை ஹைப்பர், ஹைப்போ என்று மொழிபெயர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அரிதாக பிட்யூட்டரியிலேயே கோளாறு இருந்தால் டி.எஸ்.எச். ஏறாமலே ஹைப்போதைராய்டு இருக்கலாம். அதனால்தான் ஃப்ரீ டி4 (இரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவு) என்ற இன்னொரு வரியையும் டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

மற்றவை நேரடியானவை. கடைசியில் 'ஈமியா' வந்தால் 'இரத்தத்தில்' என்று படியுங்கள். ஹைப்போ, க்ளைஸ், ஈமியா: இரத்தத்தில் சர்க்கரை குறைவு, டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அந்தப் பெயர், 54-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. ஹைப்போநாட்ரீமியா: சோடியம் 135-க்குக் கீழே. சோடியத்துக்கு நாட்ரியம் என்று லத்தீன் பெயர், அதனால் 'நாட்'. ஹைப்போதெர்மியா: உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. ஹைப்பாக்ஸியாவில் 'ஓ'வைக் காணோமே என்று தேட வேண்டாம். 'ஆக்ஸ்' என்று உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னொட்டின் 'ஓ' விழுந்துவிட்டது. திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று பொருள். ஹைப்பாக்ஸீமியா என்றால் இரத்தத்தில் போதவில்லை. கோவிட் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் காட்டியது இந்த இரண்டாவதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. வெறும் 'ஹைப்போ' என்று யாராவது சொன்னால் எந்த ஹைப்போ என்று கேளுங்கள். வார்டில் நர்ஸ் 'பேஷன்ட் ஹைப்போவுக்குப் போய்ட்டார்' என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது. எண்டோகிரைன் (ஹார்மோன் நோய்ப் பிரிவு) ஓ.பி. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா 'எனக்கு ஹைப்போ' என்றால் தைராய்டு. பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர் ஹைப்போ என்றால் படத்தை நிலைநிறுத்தும் கரைசல். சோடியம் தயோசல்ஃபேட்டுக்கு அப்போது ஹைப்போசல்ஃபைட் என்று பெயர் இருந்தது. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டு சொல்லியிருந்தார்; 20 ஆண்டுகள் கழித்து, 1839-இல், புகைப்படக் கலை பிறந்தபோதுதான் அது கைகொடுத்தது. வேதியியலில் இன்னும் ஒரு ஹைப்போ ஆஸ்பத்திரிக்குள் தினமும் புழங்குகிறது. தரையில் இரத்தம் சிந்தினால் ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட். குளோரேட்டில் மூன்று ஆக்ஸிஜன், குளோரைட்டில் இரண்டு, அதற்கும் கீழே ஒன்றே ஒன்று உள்ளது ஹைப்போகுளோரைட். படிக்கட்டில் ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

இப்போது காது விஷயம். இது உங்கள் குறை இல்லை. பிரிட்டிஷ் பாணியில் பேசுகிறவர் வாயில் ஹைப்பரின் கடைசி 'ர்' கரைந்துவிடும்; வேகமாகப் பேசினால் ஹைப்போவின் 'ஓ'வும் மழுங்கிவிடும். மிஞ்சுவது 'ஹைப்ப'. ஹைப்ப-டென்ஷன் என்று கேட்டால் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க டாக்டர்களுக்கு 'ர்' உண்டு, ஆனால் சாண்ட்விச்சை மென்றுகொண்டே டிக்டேஷன் சொல்கிறவருக்கு எந்த எழுத்தும் இல்லை. ராத்திரி ஷிப்டில், காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் ஓடும், பின்னால் தட்டினால் திரும்ப வரும். அதே ஒரு சொல்லைப் பத்துத் தடவை ஓட்டினாலும் அது தெளியாது. அனுபவம் உள்ளவர்கள் பத்துத் தடவை ஓட்ட மாட்டார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு முன்னால் போவார்கள். விடை பெரும்பாலும் இரண்டு வாக்கியம் தள்ளி இருக்கும்.

இதற்கு மிக மோசமான இடம் பொட்டாசியமும் கால்சியமும். பொட்டாசியத்துக்கு காலியம் என்று பெயர். அரபுச் சொல்லான 'அல்-கலி'யிலிருந்து வந்தது. ஆக நான்கு சொற்கள்: ஹைப்போகலீமியா, ஹைப்பர்கலீமியா, ஹைப்போகால்சீமியா, ஹைப்பர்கால்சீமியா. கரகரக்கும் பதிவில் நான்கும் ஒன்றேதான். ஆனால் எண்கள் கலக்கவே கலக்காது. பொட்டாசியத்தின் இயல்பு அளவு 3.5-இலிருந்து 5-க்குள், கால்சியம் ஏறக்குறைய 8.5-இலிருந்து 10.5-க்குள். டாக்டர் அடுத்து '2.8' என்றால் அது பொட்டாசியம், குறைவு. '11.9' என்றால் கால்சியம், அதிகம். எண் சொல்லாவிட்டால் மருந்தைக் கவனியுங்கள். பொட்டாசியம் குளோரைடு ஏற்றினார்கள் என்றால் குறைந்திருந்தது. கால்சியம் குளுக்கோனேட்டும், இன்சுலினோடு குளுக்கோஸும் கொடுத்தார்கள் என்றால் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஏறிய பொட்டாசியம் இதயத்துடிப்பைக் கெடுக்காமல் காப்பதற்கு முதலாவது, அதைச் செல்களுக்குள் தள்ளுவதற்கு இரண்டாவது. இந்த நான்கையும் எண்ணோடும் மருந்தோடும் சேர்த்துப் படித்தால் மற்றதெல்லாம் சுலபம்.

கோடிங்குக்கு வந்தால் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். நோய்க் குறியீடுகளின் சர்வதேசப் பட்டியலான ஐ.சி.டி.-10-இல் ஹைப்பர்கலீமியா 'இ' வரிசையில் 87.5, ஹைப்போகலீமியா 87.6. ஹைப்பர்நாட்ரீமியா 87.0-இல் வரும், ஹைப்போநாட்ரீமியா 87.1-இல். பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாகவே நோய்ப் பெயர் போடக் கூடாது. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 2.8 என்று இருக்கிறது, டாக்டர் எங்கும் ஹைப்போகலீமியா என்று எழுதவில்லை என்றால் குறியீடு கிடையாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். டாக்டர் 'ஹைப்பர்' என்று எழுதி எண் 2.8 என்று இருந்தாலும் அப்படித்தான். சந்தேகப்படுவது உங்கள் வேலை, தீர்ப்பு எழுதுவது அவர் வேலை. புதிதாக வருகிற புத்திசாலிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆடிட்டில் மாட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நேரில் பேசும்போது இந்தக் கஷ்டமே வேண்டாம். பெங்களூரில் இது நமக்கு ஒரு சௌகரியம். கம்மி, ஜாஸ்தி இரண்டும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. சிவாஜிநகர் பக்கம் எந்த ஓ.பி.யிலும் 'கம்மியா, ஜாஸ்தியா' என்று கேட்டால் எந்தச் சிஸ்டருக்கும் புரியும். விவரம் தெரிந்த டாக்டர்களும் போனில் ஆர்டர் சொல்லும்போது 'லோ பொட்டாசியம், டூ பாயின்ட் எய்ட்' என்றுதான் சொல்வார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் வரும் ஹைப்போ வேறு ரகம், அதைச் சொல்லாமல் விட முடியாது. அல்ட்ராசவுண்டில் 'ஹைப்போஎக்கோயிக்' என்று வந்தால் சுற்றியுள்ள திசுவைவிட ஒலி குறைவாகத் திரும்பி வந்த இடம். திரையில் கருமையாகத் தெரியும். ஹைப்பர்எக்கோயிக் வெளுப்பாகத் தெரியும், ஐசோஎக்கோயிக் அக்கம்பக்கம் போலவே, அனெக்கோயிக் முழுக் கறுப்பு. நீர்க்கட்டி பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். சி.டி.யில் இதுவே ஹைப்போடென்ஸ், எம்.ஆர்.ஐ.யில் ஹைப்போஇன்டென்ஸ். இவையெல்லாம் படம் எப்படித் தெரிகிறது என்ற வர்ணனை. நோயின் பெயர் அல்ல. கோடிங் வகுப்பில் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது 'ஹைப்போஎக்கோயிக் நாட்யூல்' (நாட்யூல் என்றால் சிறு கட்டி) என்று வந்தால் கூகுளில் தேடி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, அதன் அளவு, ஓரம், உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் வரும் 'ஹைப்போக்ரோமிக்' என்பதும் வர்ணனைதான். க்ரோம் என்றால் நிறம். சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் குறைந்ததால் அவை வெளிறித் தெரிகின்றன. 'மைக்ரோசைட்டிக்' (அணுக்கள் சிறியவை) என்பதோடு சேர்ந்து வந்தால் இரும்புச்சத்துக் குறைவைத்தான் பெரும்பாலும் முதலில் சந்தேகிப்பார்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயிலும் இப்படி வரும்.

குறைவு எல்லாமே ஹைப்போ ஆகிவிடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால் த்ராம்போசைட்டோபீனியா. இரத்த அணுக்கள் குறையும்போது பின்னால் 'பீனியா' ஒட்டும், முன்னால் ஹைப்போ வராது. நாடித்துடிப்பு மெதுவானால் பிராடிகார்டியா. அறவே இல்லை என்று சொல்ல 'அ' அல்லது 'அன்': அனாக்ஸியா. அனீமியா என்றால் சொல்படி 'இரத்தமே இல்லை'. பெயர் வைத்தவர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்.

வேடம் போட்டு வருகிறவையும் உண்டு. ஹிப்போகாம்பஸ், ஹிப்போகிராட்டஸ் இரண்டுக்கும் ஹைப்போவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அது குதிரை. ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை, மூளையின் அந்தப் பகுதி கடற்குதிரை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். எழுத்தில் பார்த்தால் எளிது: குதிரைக்கு 'எச்'சுக்கு அடுத்து 'ஐ', பிறகு இரட்டை 'பி', கீழேவுக்கு 'ஒய்', ஒற்றை 'பி'. பாசாங்குக்காரரைக் குறிக்கும் ஹிப்போக்ரிட்டில் மட்டும் உச்சரிப்பு ஹிப் என்று இருந்தாலும் எழுத்து ஒய்தான், அது நம் ஹைப்போவேதான். பள்ளிக் கணக்கில் வந்த ஹைப்பாட்டனியூஸும் இதே குடும்பம்: செங்கோணத்துக்குக் கீழே இழுத்துக் கட்டிய கோடு. ஹைப்பாதிசிஸ் என்றால் அடியில் வைத்தது, அதன் மேல் வாதத்தைக் கட்டலாம்.

அம்மாவின் விஷயத்துக்கு. ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 வரி இருக்கிறதா என்று பாருங்கள். டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருந்தால் அதற்கு சப்கிளினிகல் ஹைப்போதைராய்டிசம் என்று பெயர் (பாருங்கள், சப்பும் ஹைப்போவும் ஒரே பெயரில்). டி4-உம் குறைந்திருந்தால் முழுதான ஹைப்போதைராய்டிசம். அந்த வரியே இல்லை என்றால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) எழுதிக் கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். ஃபில்டர் காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைகள் ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராக்சின் சரியாக உறிஞ்சப்படாது. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு லேபுக்கு ஓட வேண்டாம். பிட்யூட்டரி சத்தத்தைக் குறைக்க அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும்.